வேரோடு வாழும் பூசணமும் எண்ணூர் வட்டாரத்து மண்ணும்

நமது சங்கத்தின் உரக் கிடங்கில், சென்ற போகத்தின்போது அங்கத்தினர் ஒருவர் இரண்டு கேள்விகளைக் கேட்டார். கொசஸ்தலையாற்றுக்கு வடக்கே நிலக்கடலையும் சவுக்கும் பயிரிடுபவர் அவர். "கடையில் 'வாம்' என்று ஒரு பொடி விற்கிறார்கள். அது பூசணமாம், அதை இட்டால் டி.ஏ.பி. மூட்டையைக் குறைத்துக் கொள்ளலாமாம். காசு கொடுத்துப் பூசணத்தை வாங்கி வயலில் போடச் சொல்கிறீர்களா, ஐயா?" என்பது முதற் கேள்வி. "அனல் நிலையத்துச் சாம்பல் படிந்த எங்கள் ஊர் மேய்க்கால் மறுபடியும் புல் முளைக்கும் தரையாகுமா?" என்பது இரண்டாவது. கிடங்கில் நின்றவாறே விடை சொல்லி முடிக்கக்கூடிய கேள்விகள் அல்ல இவை. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதாவது செடியின் வேர் நுனியில் இருப்பதால், சற்று விரிவாகவே இங்கு எழுதத் துணிந்தோம்.

பூசணம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவது கெட்டுப்போன ஊறுகாயும், நெற்பயிரின் குலைநோயும், மழைக்காலத்தில் பாவு நூலின்மேல் படியும் கறுப்புப் புள்ளிகளுமே. நெசவாளருக்கும் குடியானவருக்கும் அது பொதுப் பகை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மண்ணிலுள்ள பூசணங்கள் யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை அல்ல. தரையில் வளரும் செடிவகைகளில் ஏறத்தாழ 100க்கு 70 வகைகளின் வேர்களுக்குள் ஒருவிதப் பூசணம் குடியிருக்கிறது. அது வேரை அழிப்பதில்லை. வேருக்கு உணவு கொண்டு வந்து தருகிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, கல்லாய் மாறிய செடிகளின் உடலிலும் இதன் அடையாளத்தைக் கண்டிருக்கிறார்கள் என்றால், இந்த உறவு எவ்வளவு பழமையானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய உறவுக்கு முதன்முதலில் பெயரிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிராங்க் என்னும் பேராசிரியர். மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த ஒருவகைக் காளானைப் பயிரிட வழி காணுமாறு பிரஷ்ய அரசாங்கத்தார் அவரைப் பணித்தனர். அந்த ஆராய்ச்சியின் நடுவே, காட்டு மரங்களின் வேர்கள் பூசண இழைகளால் போர்த்தப்பட்டிருப்பதையும், அதனால் மரங்கள் நலிவடையாமல் செழித்திருப்பதையும் அவர் கண்டார். 1885ஆம் ஆண்டு அதற்குப் 'பூசண வேர்' என்னும் பொருள்படப் பெயர் வைத்தார். நமது பயிர்களில் இருப்பது வேறொரு பிரிவு. அது வேரைப் போர்த்துவதில்லை. வேரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து சின்னஞ்சிறு மரம்போல் கிளைவிடுகிறது. இதைத்தான் வேளாண்மைத் துறையார் 'வேர் உட்பூசணம்' என்றும், சுருக்கமாக 'வாம்' என்றும் வழங்குகிறார்கள். வெறுங் கண்ணுக்கு இது புலப்படாது. வேரை மருந்திட்டு வெளுத்து, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால்தான் தெரியும். அங்கத்தினர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொடி வாங்கும் இடத்தில் இது மீண்டும் பயன்படும்.

இந்தப் பூசணம் செய்யும் வேலை யாது? பயிருக்கு வேண்டிய மூன்று முக்கியச் சத்துக்களில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் நடமாடும் இயல்பு இல்லாதது. தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து வேரைத் தேடி வரும். மணிச்சத்தோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். செம்மண்ணில் இரும்போடும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்போடும் பிணைந்து பூட்டிக்கொள்ளும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை வேர் உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கப்பால் ஒரு விரற்கடை தள்ளிக் கிடக்கும் மணிச்சத்து செடிக்குக் கண்ணில் காட்டிய சோறுதான். இந்நிலையில் பூசணம் தன் இழைகளை வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் வெளியே அனுப்புகிறது. வேர்த்தூவியைக் காட்டிலும் மெல்லிய அவ்விழைகள், வேர் புக முடியாத மண்துளைகளிலும் புகுந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வந்து வேருக்குள் சேர்க்கின்றன. மண்துகள்களைச் சேர்த்துக் கட்டி, காற்றும் நீரும் புகுமாறு மண்ணைப் பொலபொலப்பாக வைப்பதிலும் இவ்விழைகளுக்குப் பங்குண்டு.

இவ்வளவும் தருமத்துக்கு நடப்பதல்ல. தானே உணவு சமைத்துக்கொள்ளப் பூசணத்துக்கு இயலாது. ஆகையால் செடி தன் இலைகளில் தயாரிக்கும் சர்க்கரையில் 100க்கு 4 பங்கு முதல் 20 பங்கு வரை அதற்கு அளக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது நாணயச் சங்கத்து வட்டி விகிதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பதை அங்கத்தினர்களுக்கே விட்டுவிடுகிறோம். ஆனால் ஒன்று. கையில் ரொக்கம் இருப்பவன் கடன் வாங்கி வட்டி கட்டுவானா? மாட்டான். செடியும் அப்படியே. வேரடியில் மணிச்சத்து தாராளமாகக் கிடைக்குமானால், செடி பூசணத்துக்குக் கொடுக்கும் சர்க்கரையைக் குறைத்துக் கதவைச் சாத்திவிடுகிறது. பூசணம் வேரில் குறைகிறது. மண்ணில் அதன் வித்துக்களும் ஆண்டுக்காண்டு குறைகின்றன.

இந்த இடத்தில்தான் இவ்விஷயம் நமது வட்டாரத்தோடு நெருங்கிய சம்பந்தம் உடையதாகிறது. இந்தியாவில் முதன்முதலாக சூப்பர் பாஸ்பேட் உரம் செய்தது 1906ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் நிறுவிய தொழிற்சாலை. பின்னர் 1960களில் எண்ணூரிலும் உரத் தொழிற்சாலை வந்தது. 1971இல் மணலியில் மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. பாஸ்பேட் உரத்துக்கு மூலமான பாறையும் அமிலமும் பெரும்பாலும் நம் நாட்டில் கிடைப்பவை அல்ல; மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலேறி வருகின்றன. பாறையில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைத் தொழிற்சாலையில் கந்தக அமிலம் ஊற்றித் திறக்கிறார்கள். நாம் அதை மூட்டையாக வாங்கி வயலில் இடுகிறோம். நமது மண் அதில் பெரும்பகுதியை மறுபடியும் பூட்டி வைக்கிறது. இட்ட மணிச்சத்தில் முதற் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 100க்கு 15 அல்லது 20 பங்குதான். மீதியில் ஒரு பகுதி பின்வரும் போகங்களுக்கு மெல்ல மெல்லக் கிடைக்கும். அப்படிக் கிடைப்பதற்குப் பெரிதும் துணை நிற்கும் பூசணத்தையோ, மேன்மேலும் மூட்டை மூட்டையாக இட்டு நாமே விரட்டிவிடுகிறோம். திறவுகோல் வைத்திருப்பவனைத் துரத்திவிட்டுப் பெட்டியை மட்டும் நிரப்பிக் கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது!

இதனால் இரசாயன உரமே கூடாது என்று நாம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். மணிச்சத்து உண்மையிலேயே இல்லாத மண்ணில் பூசணம் மட்டும் எங்கிருந்து கொண்டு வரும்? மண்ணைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு இட வேண்டும் என்பதே நமது கட்சி. மண் ஆய்வுக்கூடத்துச் சீட்டில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்து எக்டருக்கு 11 கிலோவுக்குக் குறைவாயின் 'குறைவு' என்றும், 22 கிலோவுக்கு மேற்பட்டால் 'மிகுதி' என்றும் குறித்திருப்பார்கள். மிகுதி என்று வந்த நிலத்துக்காரர் அந்தப் போகத்துக்கு டி.ஏ.பி.யையும் வாங்க வேண்டாம், 'வாம்' பொடியையும் வாங்க வேண்டாம். இரண்டுமே அங்கு வீண் செலவு. குறைவு அல்லது நடுத்தரம் என்று வந்த நிலத்தில்தான் பூசணம் தன் கூலிக்குத் தக்க வேலை செய்யும்.

எந்தப் பயிருக்கு இது பயன்படாது என்பதையும் முன்கூட்டியே அறிவது நலம். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகிய இனத்தாரின் வேர்கள் இதனோடு உறவு வைப்பதில்லை. தண்டுக்கீரை, அரைக்கீரை இனமும் பெரும்பாலும் அப்படியே. உப்பளங்களின் ஓரத்தில் தானே முளைக்கும் உமரியும் இதை அவ்வளவாக நாடுவதில்லை. ஆகவே, நகரத்துக் கடைகளுக்குக் கீரை அனுப்பும் நமது அங்கத்தினர்கள் இப்பொடிக்காகப் பணம் செலவிடுவது ஆற்றில் போட்டது போலாகும். சேற்றில் நட்டுத் தண்ணீர் கட்டும் நெல்லிலும் பூசணம் குறைவாகவே தங்கும். நிலக்கடலை, பயறு வகைகள், மிளகாய், கத்தரி, வெங்காயம், சோளம், மல்லிகை, மா, தென்னை ஆகியவற்றின் கதை வேறு. இவை யாவும் பூசணத்தோடு கூடி வாழ்பவை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து கிணறுகள் உவர்த்துப்போன விவரம் நீண்ட காலமாகவே ஆராயப்பட்டு வரும் ஒன்று. சிறிதளவு உவர்ப்பைச் செடி தாங்குவதற்கும் இப்பூசணம் துணை செய்கிறது. மிகுந்த உவரில் அதனாலும் ஆவதொன்றுமில்லை.

நெசவாள அங்கத்தினர்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். தறியில் ஓடும் பருத்தி நூல் இப்பூசணத்தின் உதவியால் விளைந்ததே. களிமண் நிலத்தை நெடுங்காலம் ஒன்றும் விதைக்காமல் வெற்றுத் தரிசாகப் போட்டு வைத்துப் பிறகு விதைத்தால், மழையும் உரமும் சரியாக இருந்தும் பயிர் குன்றிப்போவதை ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். உயிருள்ள வேர் இல்லாத காலத்தில் பூசணம் பட்டினியால் அருகிவிட்டதே காரணம் என்று 1980களில் தெளிவாயிற்று. அவ்வாறு குன்றும் பயிர்களில் பருத்தியும் ஒன்று. வேருக்குப் பகையான பூசணத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் நமது சென்னைக்கே தனிப் பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவன் அவர்களின் தலைமையில் பருத்தியின் வாடல் நோயைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அந்நோயை உண்டாக்கும் மண் பூசணம் சுரக்கும் நஞ்சை வாடிய செடியின் உடலுக்குள்ளேயே கண்டு, 1955இல் வெளியிட்டனர். அத்தகைய பகைப் பூசணங்களை மண்ணிலேயே எதிர்த்து அடக்கும் மற்றொரு நற்பூசணம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது. விதை கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைப்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இது உட்பூசணம் அன்று. வேருக்கு உணவு கொண்டு வருவது அதன் தொழிலன்று, காவல் காப்பதே தொழில். கடைக்காரர்கள் சிலர் இரண்டையும் ஒன்றென்று சொல்லி விற்பதால் இவ்வளவு கூற நேர்ந்தது.

இனி, சாம்பல் படிந்த தரையைப் பற்றிய கேள்விக்கு வருவோம்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதற் பகுதி 1994 முதல் இயங்கிற்று. அவற்றுக்கு வேண்டிய நிலக்கரிக்காகவே முதலில் திட்டமிடப்பட்டு, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றிலொரு பங்குக்கு மேலும் சாம்பலே மிஞ்சுவதுண்டு. அச்சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே அத்திப்பட்டு, செப்பாக்கம் பகுதியிலுள்ள சாம்பற் குளத்துக்குக் கொண்டு சென்றார்கள். குழாய்களில் ஏற்பட்ட கசிவால் சாம்பல் ஆற்றிலும் கழிமுகத்திலும் தரையிலும் படிந்ததை இப்பகுதியார் யாவரும் அறிவர். மீனவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதுபற்றித் தீர்ப்பும் வழங்கியது.

பலரிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. பொட்டாஷ் உரத்துக்கு நாம் 'சாம்பல் சத்து' என்று பெயர் வைத்திருப்பதாலும், அடுப்புச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவும் வழக்கம் இருப்பதாலும், அனல் நிலையத்துச் சாம்பலும் எருவாகும் என்று நினைக்கிறார்கள். விறகுச் சாம்பல் வேறு, கரிச் சாம்பல் வேறு. கரிச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடிபோல் உருகி இறுகிய நுண்துகள். அதிலுள்ள பொட்டாஷும் மணிச்சத்தும் எளிதில் வெளிவருவதில்லை. தழைச்சத்து உலையிலேயே எரிந்து போயிற்று. போரான் என்னும் பொருள் பயிருக்குத் தீங்கு செய்யுமளவு இருக்கலாம். ஆர்செனிக், ஈயம் முதலிய நச்சு உலோகங்களும் சிறிது சிறிதாகக் கலந்துள்ளன. ஈரத்தில் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் மாறும் அதில், மண்ணுயிர் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. உட்பூசணமும் இல்லை. காற்றிலும் மழையிலும் விதை வந்து விழுந்தாலும், அதன் வேர் தனியாளாக நிற்கிறது. புல் பிடிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இத்தகைய பாழ்நிலத்தில் பூசணத்தைக் கொண்டு போய்ச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நம்மவர்கள் சோதித்திருக்கிறார்கள். வேர்ப்பூசணம் பற்றிய முதல் ஆசிய மாநாடு 1988ஆம் ஆண்டு சென்னையிலேயே கூடிற்று. அதை நடத்திய சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார், நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் கழிவு மண்ணிலும், மாக்னசைட் சுரங்கக் கழிவிலும் தாமே முளைத்த செடிகளின் வேர்களை ஆராய்ந்தனர். அங்குப் பிழைத்த செடிகள் பலவற்றின் வேர்களில் இப்பூசணம் இருக்கக் கண்டனர். அனல் நிலையச் சாம்பலிலேயே நேராகச் சோதனை செய்தது டெரி என்னும் ஆராய்ச்சி நிறுவனம். தில்லியிலுள்ள பதர்ப்பூர் நிலையத்தின் சாம்பற் பரப்பில், பூசணம் ஏற்றிய கன்றுகளை எருவோடு நட்டு மரங்களையும் மலர்ச்செடிகளையும் வளர்த்துக் காட்டினார்கள். 2018இல் மூடப்பட்ட அந்நிலையத்தைத் தவிர, சத்தீஸ்கரிலுள்ள கோர்பாவிலும் இம்முறை கையாளப்பட்டது.

ஆகவே நமது அங்கத்தினரின் கேள்விக்கு விடை: தரை பசுமையாகும், ஆனால் உடனே மேய்க்கால் ஆகாது. பூசணம் நச்சு உலோகத்தில் ஒரு பகுதியை வேரிலேயே தடுத்து வைப்பதுண்டு. எல்லாச் செடியிலும் எல்லா உலோகத்துக்கும் அப்படி நடக்கும் என்று நம்பிப் பசுவை ஓட்டி விடுவது தகாது. உலோகம் புல்லில் ஏறினால் பாலுக்கும் வரக்கூடும். முதலில் தின்னப்படாத மரங்களும் செடிகளுமே வர வேண்டும். புல்லைச் சோதித்து, தீங்கில்லை என்று ஆய்வுக்கூடத்துச் சீட்டு வந்த பிறகே மாடு போக வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மேலே சாம்பல் வந்து படிவது நிற்காதவரை, கீழே பூசணம் இடுவது ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதே. குழாயைச் செப்பனிடுவது குடியானவன் கையில் இல்லை. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்புத்தான் நம்முடையது.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு வரை இயல்பாகப் பழகிய மரம் சவுக்கு. 1856இல் இராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட பின்னர், எஞ்சின்களுக்கு விறகு வேண்டியே சென்னைக் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் பெருகின. சவுக்கு வேரில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் முடிச்சுகளாக வாழ்கிறது; உட்பூசணமும் கூடவே வாழ்கிறது. புது நாற்றங்காலுக்குப் பழைய தோப்பு மண்ணை அள்ளி வந்து போடும் வழக்கம் ஏன் பலித்தது என்று இப்போது விளங்கும். சாம்பல் தரையில் நடும் கன்றுக்கு இவ்விரண்டும் நாற்றங்காலிலேயே ஏறியிருக்க வேண்டும்.

பொடியைக் கடையில் வாங்குவதா, நாமே பெருக்குவதா? உட்பூசணம் உயிருள்ள வேரில்லாமல் வளராது; மற்றப் பூசணங்களைப் போல் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் பெருக்கி மாவில் கலந்து விடுவது எளிதல்ல. நல்ல சரக்கு விலை கூடுதலாக இருப்பதும், போலிச் சரக்கு மலிந்திருப்பதும் இதனால்தான். கண்ணால் பார்த்துத் தரம் சொல்லவும் முடியாது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வேர் உட்பூசண உரத்துக்குத் தர அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. அவ்விவரமும் காலாவதித் தேதியும் அச்சிடப்படாத பையைத் தொட வேண்டாம். சங்கமே சேர்ந்து செய்யத்தக்க எளிய முறையொன்றை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்திருக்கிறார்கள்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலிதீன் தாள் விரிக்க வேண்டும். 50 கிலோ வெர்மிகுலைட்டும், சூடேற்றிக் கிருமி நீக்கிய மண் 5 கிலோவும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புக. வெர்மிகுலைட் திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் வெட்டி எடுக்கப்படும் கனிமம்தான். பல்கலைக்கழகத்திலிருந்து பெற்ற தாய்ப் பூசணம் 1 கிலோவை மேற்பரப்புக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே பரப்பி, மக்காச்சோளம் விதைக்க வேண்டும். விதையை 5 சதவிகித சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 2 நிமிடம் நனைத்துக் கழுவிக்கொள்வது அவசியம். விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம் போதும். கை தாராளமாகி சூப்பரை அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பது மேலே சொல்லப்பட்டது. 30ஆம் நாளும் 45ஆம் நாளும் யூரியா 10 கிராம் வீதம் இட்டு, அந்நாட்களிலேயே வேரில் பூசணம் ஏறியதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கச் செய்க. 60ஆம் நாள் செடியை நீக்கி, வேர்களை நறுக்கி அக்கலவையிலேயே சேர்த்தால் 55 கிலோ கிடைக்கும். இது சுமார் 11,000 கன்றுகளுக்குரிய 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், பைக்கன்று ஒன்றுக்கு 5 முதல் 10 கிராம், நடும் குழிக்கு 20 கிராம் என்பது அளவு. வேருக்கு அடியில், வேர் தொடும்படி இட வேண்டும். மேலே தூவினால் பயனில்லை. பூசணக்கொல்லி மருந்தை அதே வாரத்தில் மண்ணில் ஊற்றக் கூடாது.

வயலில் ஏற்கெனவே இருக்கும் பூசணத்தைக் காப்பதற்கோ பைசாச் செலவும் இல்லை. அளவுக்கு மீறி உழுது இழைகளை அறுக்காதிருப்பதும், அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல் சணப்பையோ பயறோ தெளித்து வைப்பதும், மேய்க்காலில் புல்லின் அடி தெரியுமட்டும் மாடுகளை விட்டு வைக்காமல் இடம் மாற்றி ஓட்டுவதும் போதும்.

கேள்வி கேட்ட அங்கத்தினர் தமது நிலக்கடலை வயலின் மண்ணை இரண்டு பைகளில் எடுத்து வந்து கிடங்கில் ஒப்படைத்திருக்கிறார். சாம்பல் தரை மண்ணைத் தனிப் பையில், இடத்தைக் குறித்து எடுத்து வரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். மற்ற அங்கத்தினர்களும் தத்தம் நிலத்து மண்ணை, மேல் ஒட்டு நீக்கி 15 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து, பல இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ அளவில் கொண்டு வந்தால், ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து அனுப்பிவிடலாம்.